பேன்ட் மாட்டும்போது தொடை எலும்பு உடையுமா?

கேள்வி ஒரு தாயிடமிருந்து வந்தது. மகனுக்கு 13 வயது. மூளை முடக்குவாதம், அதாவது எல்லோரும் சி.பி. என்று சொல்வது. உட்காரவைத்தால் சாய்ந்து உட்காருவான். நிற்கவோ நடக்கவோ முடியாது. ஐந்து வயதிலிருந்து வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் கொடுத்துவருகிறார்கள். போன வாரம் குளிப்பாட்டித் துடைத்து பேன்ட் மாட்டும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம், பையன் அலறிவிட்டான். எக்ஸ்ரேயில் முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஒரு கால்சியம் மாத்திரை எழுதி, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் மாமியார், “நீதான் வெடுக்குன்னு இழுத்திருப்ப” என்கிறாராம். அவர் கேட்டவை மூன்று: நான்தான் உடைத்தேனா? கால்சியம் கொடுத்தால் இனிமேல் உடையாதா? அக்கா மகளுக்கு ஆட்டிசம், எட்டு வயது, தயிர்சாதமும் பிஸ்கட்டும் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டாள். அவளுக்கும் இப்படி ஆகுமா?

நான் இருபது வருடத்துக்கு மேலாகக் குழந்தைகளுக்கு பிசியோதெரபி செய்துவருகிறேன். மருந்து எழுதும் டாக்டர் இல்லை. அதனால் மருந்தைப் பற்றி நான் சொல்வதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. நீங்கள் உடைக்கவில்லை. 13 வயதுப் பையனின் தொடை எலும்பு உடம்பிலேயே பலமான எலும்பு. சாதாரணமாக அது உடைய வேண்டுமென்றால் பைக் மோத வேண்டும், மரத்திலிருந்து விழ வேண்டும். பேன்ட் மாட்டுகிற விசைக்கு அது உடைந்தது என்றால், அந்த எலும்பு ஏற்கெனவே எந்த நிலையில் இருந்தது என்று யோசிக்க வேண்டும். உடைந்த இடமும் அதையேதான் சொல்கிறது. நடக்காத சி.பி. பிள்ளைகளுக்கு எலும்பு உடைந்தால் பெரும்பாலும் முழங்காலுக்கு மேலே, அதே இடத்தில்தான் உடையும். மூட்டு இறுகி மடங்கியே இருப்பதால், காலை நீட்டினாலோ திருப்பினாலோ மூட்டு அசைவதில்லை. கால் ஒரு கடப்பாரை மாதிரி வேலை செய்து அந்த விசை முழுவதையும் மூட்டுக்கு மேலே இருக்கும் மெல்லிய எலும்பில் கொண்டுபோய் இறக்குகிறது.

என் கையிலேயே நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம். பதினோரு வயதுப் பெண், தினமும் செய்கிற அதே முழங்கால் நீட்டல். அதே சத்தம். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளையின் அப்பாதான் வந்து, “போன வருஷம் இன்னொரு கால் ஆட்டோல ஏத்தும்போது உடைஞ்சுதும்மா, உங்ககிட்ட சொல்லல” என்றார். அவர் ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் வரவில்லை. நான் ஏன் கேட்கவில்லை என்றுதான் வந்தது. அன்றிலிருந்து புதிதாக எந்தப் பிள்ளை வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “இதுக்கு முன்னாடி எங்கயாவது எலும்பு உடைஞ்சிருக்கா?” என்பதுதான்.

சரி, எலும்பு ஏன் அப்படி ஆகிறது? எலும்பைச் சுவர் மாதிரி நினைக்கிறோம், ஒருமுறை கட்டிவிட்டால் நிற்கும் என்று. அது அப்படிப்பட்டதல்ல. எந்நேரமும் ஒரு பக்கம் இடித்து மறுபக்கம் கட்டிக்கொண்டே இருக்கிற உயிருள்ள பொருள் அது. எங்கே எவ்வளவு கட்டுவது என்பதை அதன்மேல் விழும் சுமைதான் தீர்மானிக்கிறது. ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே இதை எழுதிவிட்டார். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு ராக்கெட் பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கும். விண்வெளிக்குப் போகும் வீரர்கள், உடம்பில் எந்தக் குறையும் இல்லாதவர்கள், அங்கே எடையில்லாமல் மிதப்பதால் இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் இழக்கிறார்கள். சாப்பாட்டிலோ மாத்திரையிலோ குறை இருந்து இப்படி ஆவதில்லை. சுமை இல்லை, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருக்கிறார்கள். மற்றக் குழந்தை ஒரு வயதில் எழுந்து நின்று, விழுந்து, ஓடி, திண்ணையிலிருந்து குதித்து, ஒரு நாளில் ஆயிரம் முறை எலும்பைத் தட்டி எழுப்புகிறது. நிற்காத பிள்ளைக்கு அந்தத் தட்டல் இல்லை. எலும்பு நீளத்தில் ஓரளவு வளர்ந்துவிடும், பருமனில் வளராது. வெளிச்சுவர் மெலிந்தே நிற்கும். முருங்கைக் கிளை மாதிரி என்று பெற்றோரிடம் சொல்வேன். பார்க்க நீளமாக இருக்கும், கை வைத்தால் சடக்கென்று போய்விடும். நம் ஊரில் முருங்கை மரத்தில் ஏறாதே என்று சொல்லி வளர்த்த எல்லோருக்கும் அது உடனே புரிந்துவிடும்.

இது அபூர்வமாக நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் ஹெண்டர்சன் குழுவினர் மிதமான, தீவிரமான சி.பி. உள்ள 2 முதல் 19 வயது வரையிலான 117 பேரைப் பரிசோதித்து 2002ல் வெளியிட்டார்கள். அதில் 77 சதவீதம் பேருக்குத் தொடை எலும்பின் அடர்த்தி அந்த வயதுக்கு இருக்க வேண்டியதைவிட மிகவும் குறைவு. நிற்க முடியாத, 9 வயதைத் தாண்டிய பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 97 சதவீதம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ஒரு முறிவாவது நடந்திருந்தது. நான்கில் ஒரு பிள்ளைக்கு! மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். ரெட் சின்ட்ரோம் என்று பெண் குழந்தைகளுக்கு வரும் ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறது; ஆஸ்திரேலியாவில் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்ததில் எலும்பு முறிவு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது.

எனக்கு இதில் உள்ள ஆதங்கம் வேறு. இத்தனையும் தெரிந்த விஷயம். ஆனாலும் எலும்பு யாருடைய பொறுப்பிலும் இல்லை. நரம்பு டாக்டர் வலிப்பைப் பார்ப்பார். எலும்பு டாக்டர் உடைந்ததைக் கட்டுவார். நாங்கள் இறுக்கத்தைப் பார்ப்போம். சத்துணவு சொல்பவர் எடையைப் பார்ப்பார். உடைவதற்கு முன்னால் எலும்பைப் பற்றி யாராவது ஒருவர் கேட்க வேண்டும் அல்லவா? அந்த ஒருவர் யாரும் இல்லை. மனிதன் வாழ்நாளுக்குச் சேர்க்கும் எலும்பில் ஏறத்தாழ 90 சதவீதம் 18–20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதிலும் பருவமடையும் நாலைந்து வருடங்கள்தான் அறுவடைக்காலம். உங்கள் மகன் இப்போது சரியாக அந்த இடத்தில் நிற்கிறான். நடந்தது நடந்துவிட்டது, ஆனால் காலம் கடந்துவிடவில்லை.

அடுத்து வலிப்பு மருந்து. ஃபெனிடோயின், ஃபினோபார்பிட்டோன், கார்பமசெபின் ஆகிய மூன்றும் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு வைட்டமின் டியைச் சீக்கிரம் சிதைக்கவைக்கின்றன. வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கு எலும்பு மென்மையாகிறது என்பது 1960களின் இறுதியிலிருந்தே மருத்துவ உலகுக்குத் தெரியும். வால்ப்ரோயேட் அந்த வழியில் வேலை செய்வதில்லை, இருந்தாலும் எலும்புக்கு அது நண்பன் இல்லை. ரெட் சின்ட்ரோம் உள்ளவர்களில் அதை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு முறிவு அபாயம் சுமார் மூன்று மடங்காக இருந்ததை மேலே சொன்ன ஆஸ்திரேலியக் குழுவே பதிவு செய்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இதைக் கொட்டை எழுத்தில் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும், அது உயிருக்கே ஆபத்து. வலிப்பில் விழுந்தாலும் எலும்புதான் உடையும். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: “இந்த மருந்து எட்டு வருடமாகப் போகிறது, வைட்டமின் டி அளவு எப்போது பார்த்தீர்கள்? எலும்புக்கு இடைஞ்சல் குறைவான வேறு மருந்து இவனுக்குச் சரிவருமா?”

மருந்துப் பட்டியலில் இன்னும் சிலதும் ஒளிந்திருக்கும். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வருடக்கணக்கில் போகிறதா, இன்னும் தேவையா என்று பாருங்கள். ஆட்டிசம் பிள்ளைகளுக்குக் கோபத்துக்கும் அடம்பிடிப்பதற்கும் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். அது ஏறினால் பருவம் தள்ளிப்போகலாம், எலும்பும் பின்தங்கலாம். அப்புறம், பெண் பிள்ளைகள். மாதவிடாய் வராமல் இருக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள். பராமரிப்பது கஷ்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஊசி எலும்பு அடர்த்தியைக் குறைக்கும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2004லேயே எச்சரிக்கை போட்டது. ஏற்கெனவே நிற்காத, ஏற்கெனவே வலிப்பு மருந்து சாப்பிடுகிற பெண்ணுக்கு அதை வருடக்கணக்கில் போடுவதற்கு முன் மகளிர் மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, கால்சியம். மாத்திரை தப்பில்லை, ஆனால் அது செங்கல். செங்கல்லைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் வீடு எழும்பிவிடாது, கட்டச் சொல்லி உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவுதான் சுமை. இருந்தாலும் செங்கல்லே இல்லாமல் எந்தக் கொத்தனாரும் கட்ட முடியாது என்பதால் கணக்கைப் பார்த்துவிடலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020ல் திருத்திய அளவுப்படி 13 முதல் 15 வயதுவரை ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 7 முதல் 9 வயதுக்கு 650. ஒரு டம்ளர் பால், 200 மில்லி என்றால், சுமார் 240 கிடைக்கும். தயிரும் கிட்டத்தட்ட அதே. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, எள், அகத்திக்கீரை, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல கணக்கு. பிரச்சினை கணக்கில் இல்லை, வாயில் இருக்கிறது. விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது. பாதி வெளியே வழிந்துவிடும். பாதிக் கிண்ணத்தில் 1000 மில்லிகிராம் எங்கிருந்து வரும்? அதனால் கஞ்சியைத் தண்ணீரில் காய்ச்சாமல் பாலில் காய்ச்சுங்கள், இறக்கியதும் பொடித்த எள்ளும் ஒரு ஸ்பூன் நெய்யும் சேருங்கள். உள்ளே போகிற ஒவ்வொரு வாயும் கனமாக இருக்கட்டும். எடை ஏறவே இல்லை என்றால், ஊட்டும்போது புரை ஏறிக்கொண்டே இருந்தால், அதைத் தனிப் பிரச்சினையாக எடுத்து டாக்டரிடம் போக வேண்டும். உடம்பில் சதை இல்லாத பிள்ளைக்கு எலும்பும் இருக்காது.

வைட்டமின் டி. நம் ஊரில் இவ்வளவு வெயில் அடித்தும் குறைபாடு ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெயில் அடிப்பது ரோட்டில், பிள்ளை இருப்பது வீட்டுக்குள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வேண்டிய கதிர் வருவதில்லை. இன்னொன்று, காலை ஏழு மணி இளவெயில் நல்லது என்று நாம் சொல்லி வளர்ந்திருக்கிறோம். சுகமாக இருக்கும், ஆனால் வைட்டமின் டிக்கு அது அநேகமாகப் பிரயோசனமில்லை. தோலில் வைட்டமினை உண்டாக்கும் கதிர் 11 மணியிலிருந்து 2 மணிவரைதான் நன்றாகக் கிடைக்கும். கருத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். சித்திரை வெயிலில் யாரும் அதைச் செய்ய முடியாது. வலிப்பு உள்ள பிள்ளையைச் செய்யவும் சொல்ல மாட்டேன். மற்ற மாதங்களில் பதினோரு மணி வாக்கில் கையும் காலும் திறந்திருக்க ஒரு கால்மணி நேரம், நிழல் பக்கத்திலேயே, சரி.

அதனால் மருந்தாகக் கொடுப்பதுதான் நடைமுறை. முதலில் ரத்தத்தில் அளவு பாருங்கள்: இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வரையறையில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது, 12க்குக் கீழே போனால் குறைபாடு. கூடவே கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ் மூன்றையும் பார்ப்பார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் 60,000 யூனிட் பாக்கெட் தாராளமாகக் கிடைக்கிறது. ‘வாரம் ஒன்று, எட்டு வாரம்’ என்று எழுதிக்கொடுத்ததை ‘தினம் ஒன்று’ என்று புரிந்துகொண்டு இரண்டு மாதம் கொடுத்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை வாந்தி எடுத்தது, மலம் இறுகியது, ஓயாமல் தண்ணீர் கேட்டது. ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போய் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. சாதாரணமாக ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டியது 600 யூனிட். வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம், அந்தக் கூடுதல் எவ்வளவு என்பது ரத்த அளவைப் பார்த்து டாக்டர் சொல்வதாக இருக்கட்டும்.

சரி, சுமைக்கு வருவோம். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கொஞ்சம் உண்மையும் சொல்கிறேன்.

நிற்காத பிள்ளைகளை ஸ்டாண்டிங் ஃப்ரேமில், அதாவது பட்டை கட்டித் தாங்கி நிற்கவைக்கும் சட்டத்தில், நிறுத்துகிறோம். எலும்புக்குப் பலன் வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 60 முதல் 90 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வாரம் இரண்டு நாள் தெரபிக்கு வந்து பத்து நிமிடம் நிற்பது எலும்புக்குக் காதில்கூட விழாது. ஃப்ரேம் வீட்டில் இருக்க வேண்டும், டி.வி.க்கு முன்னால் இருக்க வேண்டும். 2004ல் பிரிட்டனில் நடக்காத 26 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள்: பாதிப் பேருக்கு நிற்கும் நேரத்தை ஒன்றரை மடங்காக்கினார்கள். முதுகெலும்பின் அடர்த்தி 6 சதவீதம் கூடியது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் மாற்றமே இல்லை. அதாவது, நிறுத்துவது பலன் தருகிறது, ஆனால் கால் எலும்பு உடையாது என்று அதைவைத்து நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஃப்ரேமில் பட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நிற்கும் பிள்ளையின் எடை காலில் இறங்குவதே இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். பிள்ளை நிற்கும்போது குதிகாலுக்கு அடியில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் எடை பட்டையில் இருக்கிறது, காலில் இல்லை. தெரபிஸ்டிடம் சொல்லி மாற்றி அமைக்கச் சொல்லுங்கள்.

எலும்பு விரும்புவது அசையாத சுமையைவிட விட்டுவிட்டு வரும் சுமை. ஃப்ரேமில் நிற்கும்போதே பாட்டுப் போட்டு ஆடவைக்கலாம், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றலாம். கொஞ்சம் நடக்கிற பிள்ளை என்றால் படி ஏறட்டும். தண்ணீரில் செய்யும் தெரபி இறுக்கத்துக்கும் மனசுக்கும் நல்லது, எலும்புக்கு அதிலிருந்து பெரிதாக எதுவும் இல்லை.

அப்புறம் உங்கள் அக்கா மகள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். அதனால் அவள் எலும்பு உங்கள் மகனுடையது போல ஆகாது. ஆனாலும் அவர்களுக்கும் எலும்பு சராசரியைவிட மெலிவாகவே இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 2008ல் அமெரிக்காவில் 4 முதல் 8 வயது வரையிலான 75 ஆட்டிசப் பையன்களின் கை எக்ஸ்ரேயை அளந்தபோது எலும்பின் வெளிச்சுவர் மெலிந்திருந்தது. பாலும் பால் பொருளும் இல்லாத டயட்டில் இருந்த பையன்களுக்கு அந்தக் குறை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பாலை நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்று இன்றைக்கும் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. அலர்ஜி என்று டாக்டர் உறுதி செய்யாமல் எந்தப் பிள்ளைக்கும் பாலை நிறுத்தாதீர்கள்.

அந்த வகையில் தயிர்சாதம் சாப்பிடும் பிள்ளை பாக்கியசாலி. கால்சியமும் புரதமும் ஓரளவு போய்விடுகின்றன. அவளுக்கு விடுபடுவது வேறு: வைட்டமின் சி. தயிர்சாதத்திலும் பிஸ்கட்டிலும் அது அநேகமாக இல்லை. எலும்பின் உள்ளே கம்பி மாதிரி ஓடும் கொலாஜன் அது இல்லாமல் உருவாகாது. இப்படி இரண்டே பண்டம் சாப்பிடும் ஆட்டிசப் பிள்ளை ஒரு நாள் காலை ஊன்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். தொட்டால் அழும், ஈறு வீங்கி ரத்தம் கசியும். ரத்தப் புற்றுநோயோ என்று பயந்து எம்.ஆர்.ஐ., எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை எல்லாம் செய்த பிறகு, கடைசியில் யாரோ ஒருவர் “என்ன சாப்பிடுவாள்?” என்று கேட்டதும் விடை கிடைத்த கதைகள் உலகம் முழுக்க மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. பழைய காலத்துக் கப்பல் மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்விதான் அது. வைட்டமின் சி கொடுத்தால் சில நாளிலேயே வலி குறைய ஆரம்பிக்கும். அவள் மென்று தின்ன மாட்டாள் என்றால் சண்டை போடாதீர்கள். பெரிய நெல்லிக்காயைத் துருவிப் பிழிந்த சாற்றில் முதலில் அரை ஸ்பூன், ஆறிய தயிர்சாதத்தில். புளிப்பு ஏற்கெனவே இருப்பதால் பெரும்பாலும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கண்டுபிடித்துவிட்டால் சொட்டு மருந்து இருக்கிறது. எதைச் செய்தாலும் தயிர்சாதத்தின் நிறம் மாறக் கூடாது. நிறம் மாறினால் அந்த ஒரு சாப்பாட்டையும் விட்டுவிடுவாள்.

அவள் நின்ற இடத்திலேயே குதிக்கிற பழக்கம் உள்ளவளா? பல ஆட்டிசப் பிள்ளைகளுக்கு உண்டு. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தாலொழிய நிறுத்தாதீர்கள். எலும்புக்கு அதைவிட நல்ல பயிற்சியை என்னால் எழுதித்தர முடியாது.

இனி ஸ்கேன். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் கதிர்வீச்சு மிகக் குறைவு, ஊசி கிடையாது, சில நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். அந்தச் சில நிமிடம்தான் கஷ்டம். அறிக்கையில் இரண்டு எண்கள் வரும், டி ஸ்கோர், இசட் ஸ்கோர். டி ஸ்கோர் உங்கள் பிள்ளையை முப்பது வயது ஆளோடு ஒப்பிடுவது. பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கவே கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு டி ஸ்கோரை வைத்து சிவப்பு எழுத்தில் ‘ஆஸ்டியோபோரோசிஸ்’ என்று அச்சடித்த அறிக்கையோடு ஓர் அம்மா என்னிடம் அழுதுகொண்டு வந்தார். இசட் ஸ்கோர்தான் வயதுக்கு ஏற்ற ஒப்பீடு, அதையும் பிள்ளையின் உயரத்துக்குத் தக்கபடி திருத்திப் படிக்க வேண்டும். இடுப்பில் பிளேட் இருந்தாலோ கால் நீட்ட முடியாவிட்டாலோ, முழங்காலுக்கு மேலே பக்கவாட்டில் எடுக்கும் முறை ஒன்று உண்டு. எல்லா இடத்திலும் செய்வதில்லை, கேட்டுப் பாருங்கள். ஸ்கேன் எண்ணை மட்டும் வைத்துப் பிள்ளைக்கு எலும்புச் சிதைவு நோய் என்று சொல்லக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். பெரிய அடி எதுவும் படாமல் முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் இசட் ஸ்கோர் மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே இருந்து, கூடவே கை கால் நீள எலும்புகளில் 10 வயதுக்குள் இரண்டு முறிவோ 19 வயதுக்குள் மூன்றோ இருக்க வேண்டும். ஆனால் உங்கள் மகன் மாதிரி பேன்ட் மாட்டியே தொடை எலும்பு உடைந்த பிள்ளைக்கு, அடுத்த இரண்டு உடையட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கும் மருத்துவர்களும் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான்.

அவர்கள் கொடுப்பது பாமிட்ரோனேட் அல்லது சோலிட்ரோனிக் ஆசிட், டிரிப் வழியாக ஏற்றுவது. எலும்பை இடிக்கும் வேலையை அது மெதுவாக்குகிறது. 2002ல் ஹெண்டர்சன் குழு ஒரு சிறிய ஆய்வில் பாமிட்ரோனேட் கொடுத்து 18 மாதம் கவனித்தபோது முழங்காலுக்கு மேலே எலும்பு அடர்த்தி 89 சதவீதம் கூடியது. கொடுக்காதவர்களுக்கு 9 சதவீதம்தான். நல்ல மருந்து, ஆனால் சும்மா போடும் மருந்து இல்லை. முதல் டிரிப்புக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். ரத்தத்தில் கால்சியம் இறங்கலாம், வலிப்பு உள்ள பிள்ளைக்கு அது விபரீதம். அதனால் வைட்டமின் டியைச் சரிசெய்துவிட்டு, பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

பேசாத பிள்ளைக்கு உடைந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? உங்கள் மகன் அலறினான், சத்தமும் கேட்டது. எல்லோரும் அலற மாட்டார்கள். திடீரென்று சாப்பிட மறுப்பது, வலிப்பு கூடுவது, இறுக்கம் கூடுவது, ராத்திரி புரட்டும்போது மட்டும் அழுவது, முழங்காலுக்கு மேலே லேசான வீக்கமும் சூடும் இருப்பது – இவற்றில் எது இருந்தாலும் எக்ஸ்ரே கேளுங்கள். “சேட்டை பண்றான்” என்று சொன்னாலும், “இன்ஃபெக்‌ஷன்” என்று சொன்னாலும், எக்ஸ்ரே எடுத்துவிட்டுச் சொல்லட்டும். உட்காரவைத்தால் அழுது, படுக்கவைத்தால் அடங்கினால் முதுகெலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

துணி மாற்றும்போது ஒரு காலைத் தூக்கிப் பிடித்து இடுப்பை உயர்த்த வேண்டாம். பக்கவாட்டில் உருட்டி, ஒரு பக்கம் செருகி, மறுபக்கம் உருட்டுங்கள். காலைத் தூக்க வேண்டியிருந்தால் ஒரு கை முழங்காலுக்கு மேலே, ஒரு கை கீழே. இறுகிய கை காலை முதலில் உள்ளே விடுங்கள், நல்லதை அப்புறம். வீல்சேரைத் திருப்பும் முன் பாதம் பலகைக்கு வெளியே தொங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். ஆட்டோவில் ஏற்றும்போது இருவர் தூக்குங்கள். பேன்ட்டை டெய்லரிடம் கொடுத்து இரண்டு பக்கத் தையலையும் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பிரித்து வெல்க்ரோ வைத்துத் தைத்துவிடுங்கள். விரித்துப் போட்டு, மேலே படுக்கவைத்து, ஒட்டிவிட வேண்டியதுதான். எங்கள் மையத்துக்கு வரும் ஓர் அம்மா கண்டுபிடித்தது. இப்போது இருபது பிள்ளைகளாவது அந்த பேன்ட் போடுகிறார்கள்.

கடைசியாக, மாவுக்கட்டு. ஆறு வாரம் அசையாமல் இருந்தால் ஏற்கெனவே மெலிந்த எலும்பு இன்னும் மெலியும். கட்டுப் பிரித்த முதல் சில வாரங்களில்தான் மறுபடி உடைவது அதிகம். அதனால் ஆறு வாரம் கழித்துப் போகாமல் மூன்றாவது வாரமே போய், எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கிறதா, கட்டைச் சீக்கிரம் எடுத்துவிட்டுக் கழற்றி மாட்டும் பட்டைக்கு மாறலாமா என்று எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். எந்த நாளிலிருந்து ஃப்ரேமில் நிறுத்தலாம் என்று எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னால் உங்கள் தெரபிஸ்ட் பயந்துகொண்டு தள்ளிப்போடுவார். கட்டு இருக்கும்போதே வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கட்டு எடுத்த அன்றைக்குக் காலை நீட்டி மடக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், எங்களைப் போன்றவர்களையும் சேர்த்துத்தான்.